நாலு மடிப்புத் தேக்குத் தட்டி: கீல் முதல் கால் வரை

வேலைக்கு எடுத்தது அறையைப் பிரிக்கும் பழைய மடக்குத் தட்டி, நாலு மடிப்பு. ஒரு மடிப்பு 45 செ.மீ. அகலம், 180 செ.மீ. உயரம். சட்டமும் பலகையும் தேக்கு. சட்டம் 50 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனம். கால் 8 செ.மீ. நீண்டிருக்கிறது. அதற்கு மேல் 60 செ.மீ. உயரத்துக்குக் கொடியும் பூவுமாகச் செதுக்கிய அடைப்புப் பலகை. அதற்கும் மேலே 97 செ.மீ. உயரத் திறப்பில் மேலொன்று கீழொன்றாகப் பித்தளைக் கம்பி, கம்பியில் சுருக்கி மாட்டிய துணி. மொத்த எடை 25 கிலோ வரும். குளச்சல் பக்கத்தில் கடலிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு வீட்டில், ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் பிரிக்க இதை நிறுத்த வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் மெருகு மங்கியதும் துணி இற்றுப்போனதும்தான் கண்ணில் படும். பழைய வீடு பொளித்த (இடித்த) சாமான் விற்கும் இடங்களில் இப்படி ஒன்று வந்தால் உடனே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஒரு கோட்டிங் ஏற்றி விற்றுவிடுகிறார்கள். அது தட்டிக்குச் செய்யும் கெடுதல். தட்டியின் உயிர் கீலிலும், பலகை அசைவதற்கென்று விட்ட இடைவெளியிலும் இருக்கிறது. அவற்றைச் சரிசெய்யாமல் போடும் பாலிஷ் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் வெடித்துவிடும்.

பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை. ஒன்பது கீல்களில் நாலு பழைய பித்தளை, ஐந்து பிற்காலத்தில் யாரோ மாற்றிய மெல்லிய இரும்பு. இரண்டாவது மடிப்பின் செதுக்குப் பலகையில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. மூன்றாவது மடிப்பின் கீழ்மூலைப் பொருத்து ஆடுகிறது. நாலாவதன் கீழ்க் குறுக்குச் சட்டத்தில் ஓரமாக ஓடிய வெள்ளைப் பகுதி (வைரம் பாயாத வெளிமரம்) உளுத்திருக்கிறது. இரண்டு கால்களின் நுனி தரை துடைக்கும் தண்ணீர் ஏறி ஏறிக் கறுத்து, விரலால் அழுத்தினால் அமுங்குகிறது.

மரம் ஏன் வெடித்தது

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. கல்குளம், விளவங்கோடு பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை பலமாகப் பெய்யும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் அதன் வேகம் குறைவு, ஐப்பசி கார்த்திகை மழைதான் கூடுதல். எந்தப் பக்கமானாலும் மரம் வருடத்தில் இரண்டு முறை ஈரத்தைக் குடித்து இரண்டு முறை உலர்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நீடித்தால் மரத்துக்குள் 16 சதவீதத்தை ஒட்டி ஈரம் நிற்கும். 65 சதவீதமாக இறங்கினால் அது 12 ஆகும். இந்த 4 சதவீத வித்தியாசம் போதும். தேக்கு சுருங்காத மரம் என்று பெயர் வாங்கியது, ஆனாலும் தட்டையாக அறுத்த 37 செ.மீ. அகலத் தேக்குப் பலகை இதற்கு ஏறக்குறைய 2.8 மி.மீ. விரிந்து சுருங்கும். ஆரப்போக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டை நோக்கி, அறுத்ததென்றால் 1.2 மி.மீ. நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு, அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

இந்தத் தட்டியைச் செய்த ஆசாரிக்கு அது தெரியும். நெடுஞ்சட்டத்தில் இருபுறமும் 10 மி.மீ. ஆழக் காடி (பலகை ஓரம் நுழையும் நீளப் பள்ளம்) இழைத்து, பலகையைப் பசையில்லாமல் அதற்குள் மிதக்க விட்டிருக்கிறார். பிறகு வந்த ஒருவர் பலகை 'கடகட'வென்று ஆடுகிறதென்று காடிக்குள் பசை ஊற்றி, பின்பக்கமிருந்து ஆணியும் அடித்துவிட்டார். இருபக்கமும் பிடித்துக்கொண்ட பலகைக்குச் சுருங்க வழியில்லை, நடுவில் வெடித்துவிட்டது. வெடிப்புக்கு நேராகப் பின்னால் ஆணித் தலைகள் துருவேறி நின்றன. ஆணியைச் சுற்றி மரம் நீலக்கறுப்பாகக் கறைபட்டிருந்தது.

கீல் பிய்ந்ததன் காரணம்

கீல், நம்ம ஊர் விசாகிரி, உப்புக்காற்றில் துருப்பிடித்ததால்தான் பிய்ந்தது என்று முதலில் தோன்றும். துரு பாதிக் காரணம்தான். மடிப்புகளை மெல்ல மடக்கிப் பார்த்தால் மீதி தெரியும். முதல் மடிப்பிலும் இரண்டாவதிலும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து 52 செ.மீ. அளவில், செதுக்கிய பூவின் மூக்கு நசுங்கி மழுங்கியிருக்கிறது. இரண்டு பூவும் எதிரெதிராக முட்டிக்கொண்ட தடம் அது.

செதுக்கு வேலை சட்டத்தின் முகத்தைவிட 4 மி.மீ. வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு முகமும் எதிரெதிராக மடங்கும்போது நடுவில் 8 மி.மீ. இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவது கீலின் இரண்டு தகடும் சேரும் உருளைதான். உருளையின் நடுப்புள்ளி சட்டத்தின் முகத்திலிருந்து குறைந்தது 4 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். 5 இருந்தால் நிம்மதி. பழைய பித்தளைக் கீலில் அப்படித்தான் இருந்தது. மாற்றிப் போட்ட இரும்புக் கீலின் உருளை சிறியது, அதையும் முகத்தோடு ஒட்டி அமுக்கி வைத்திருந்தார்கள். மடக்கும்போதெல்லாம் பூவோடு பூ முட்டி நெம்புகோலாக வேலை செய்து திருகாணியை மரத்திலிருந்து இழுத்திருக்கிறது. பழைய தட்டி வாங்கப் போகிறவர்கள் கீலைப் பார்ப்பதற்கு முன் செதுக்கு வேலையின் மிக உயர்ந்த இடங்களைத் தடவிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் கீல் எப்போதோ மாற்றப்பட்டது என்று பொருள்.

பிரிப்பது

ஒவ்வொரு மடிப்புக்கும் ஒவ்வொரு கீலுக்கும் எண் போட்டுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக்கட்டி அழிந்துவிடும், காகித டேப்பில் எழுதி ஒட்டினால் போதும். கீலை எடுத்த இடத்துக்கே திரும்ப வைத்தால்தான் வரி சரியாக விழும்.

துருப்பிடித்த திருகாணியைப் பலத்தால் திருப்பினால் தலை உடையும். முதலில் தலையின் வெட்டில் அடைந்திருக்கும் பாலிஷையும் அழுக்கையும் கூர்மையான ஊசியால் சுரண்டி எடுக்க வேண்டும். வெட்டுக்குச் சரியான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவர் வைத்து, முதலில் ஒரு துளி முடுக்கு, பிறகு தளர்த்து. அசையவில்லையென்றால் சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகாணித் தலையில் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். சூட்டில் இரும்பு விரிந்து சுற்றியுள்ள துருப்பிடியை உடைக்கும், ஆறியதும் கழன்றுவரும். தலை உடைந்துபோன திருகாணியை, அதைச் சுற்றி 8 மி.மீ. விட்டத்தில் குழல் துளை போட்டு மரத்தோடு எடுத்துவிட்டு, அந்தக் குழியில் தேக்குக் குச்சி வைத்துப் பசை போட்டு அடைப்பதுதான் சுத்தமான வழி. குச்சியின் ரேகை சட்டத்தின் ரேகையோடு போகும்படி அறுத்திருக்க வேண்டும். குறுக்கே வெட்டிய நுனிமரத்தில் திருகாணி பிடிக்காது. தீக்குச்சியும் பசையும் திணித்து ஓட்டையை இறுக்கும் பழக்கத்தைத் தட்டியில் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு நாளும் மடக்குவது விரிப்பதுமாக உள்ள சாமானுக்கு அது தாங்காது.

பலகையும் பொருத்தும்

வெடித்த பலகையை எடுக்க வேண்டுமென்றால் அந்த மடிப்பின் சட்டத்தை ஒரு பக்கம் திறந்தாக வேண்டும். பழைய பொருத்தில் இருப்பது வச்சிரப் பசை, தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பொருத்தின்மேல் சுற்றி வைத்தால் அது இளகும். மர ஆணி இருந்தால் சிறிய பக்கத்திலிருந்து தட்டி வெளியேற்றிவிட்டு, மரச் சுத்தியலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு வைத்துத் தட்டிப் பிரிக்கலாம். பிற்காலத்தில் ஊற்றிய வெள்ளைப் பசை இப்படிச் சுலபமாக இளகாது. உளியால் பொறுமையாகச் சீவித்தான் எடுக்க வேண்டும். பழைய பசை துளியும் மிஞ்சக் கூடாது, அதன்மேல் புதுப் பசை பிடிக்காது.

வெடிப்பின் இரு விளிம்பும் சுத்தமாக இருந்தால் பசையிட்டுச் சேர்த்தால் போதும். இதில் விளிம்பு தேய்ந்து தூசி அடைந்திருந்ததால், வெடிப்பை நேர்க்கோடாகச் சற்று அகலப்படுத்தி, அதே நிறத் தேக்குச் சீவல் ஒன்றை ஆப்பு வடிவில் இழைத்து இறக்க வேண்டியிருந்தது. மக்கு (ஓட்டை அடைக்கும் பட்டிப் பசை) போட்டு அடைக்கவே கூடாது. மக்கு அசையாது, மரம் அசையும், ஒரே வருடத்தில் பக்கத்தில் மயிரிழைக் கோடு விழும்.

தேக்கில் எண்ணெய்ச் சத்து உண்டு. பசை போடுவதற்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் ஒட்டும் முகத்தைத் துடைத்து, ஆவியாகும்வரை விட்டு, அன்றைக்கே ஒட்ட வேண்டும். கடலோரத்துக்குத் தண்ணீர் தாங்கும் ரக மரப்பசைதான் சரி. பிடித்து இறுக்க நீளக் கிளாம்ப் இல்லாவிட்டாலும் கவலையில்லை. கயிற்றை சட்டத்தைச் சுற்றி இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு கம்பைச் செருகி முறுக்கினால் கிளாம்புக்குக் குறையாத பிடி கிடைக்கும். கயிறு படும் மூலைகளில் அட்டை மடித்து வையுங்கள். முறுக்கியதும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுக்க வேண்டும்; 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த மடிப்பு கோணிவிட்டது, பசை காய்வதற்குள் தட்டி நேராக்க வேண்டும். கோணிய ஒரு மடிப்பு நாலு மடிப்பின் வரியையும் கெடுத்துவிடும். மழைநாளில் ஒரு முழு இரவு இறுக்கத்திலேயே இருக்கட்டும்.

திரும்பப் பலகையைக் காடிக்குள் வைக்கும்போது இரண்டு விஷயம். உள்திறப்பு 35 செ.மீ., இரண்டு காடியின் ஆழம் சேர்ந்து 2, ஆக மொத்த இடம் 37 செ.மீ. வேலை நடப்பது மாசி பங்குனி வெயிலில் என்றால் பலகை 36.4 செ.மீ. இருக்கட்டும், மழைக்காலத்தில் வேலை என்றால் அப்போதே விரிந்திருக்கும், 36.7 விடலாம். பசை வேண்டாம். மேல் விளிம்பின் நடுவிலும் கீழ் விளிம்பின் நடுவிலும் மட்டும் ஒரு மெல்லிய மர ஆணி. அப்போது பலகை நடுவைப் பிடித்துக்கொண்டு இருபக்கமும் சமமாக விரியும், ஆடவும் ஆடாது. இரண்டாவது, காடிக்குள் மறையப்போகும் ஓரத்துக்கும் உள்ளே வைப்பதற்கு முன்பே பாலிஷ் ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் வெயில்காலத்தில் பலகை சுருங்கியதும் ஓரத்தில் வெளுத்த கோடு ஒன்று வெளியே வரும்.

உளு, கால், கறை

உளுத்த இடத்தில் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டியின் அடியில் கறுப்புக் காகிதம் விரித்துச் சில நாள் விட்டால், உயிருள்ள துளையிலிருந்து மாவு போன்ற வெளிறிய தூள் புதிதாக விழும். பழைய துளையின் தூள் மங்கலாக இருக்கும், தட்டினால் மட்டும் விழும். இந்தப் பூச்சி வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும், வைரம் பாய்ந்த தேக்கைத் தொடுவது அரிது. அதனால் நொறுங்கும் வெள்ளையைச் சீவி எடுத்துவிட்டு வைரமுள்ள துண்டை ஒட்டுவது நல்லது. மீதி இடத்துக்குப் போரான் மருந்து: ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, பாலிஷ் இல்லாத வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை தாராளமாகப் பூச வேண்டும். பாலிஷுக்கு மேல் பூசினால் ஒன்றும் இறங்காது. பூசியபின் நன்றாக உலர விட்டுத்தான் அடுத்த வேலை. மண்ணெண்ணெய் ஊற்றுவது நம் பக்கம் பழைய வழக்கம். வாசனை போனதும் அதன் காவலும் போய்விடும்.

இரும்பாணிக் கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட். ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் கரைத்து, கறை உள்ள இடத்தில் மட்டும் தூரிகையால் தடவினால் நீலக்கறுப்பு கண்ணெதிரே வெளிறும். பிறகு சுத்தமான தண்ணீரால் பலமுறை துடைத்து எடுக்க வேண்டும். இது விஷம், கையுறை கட்டாயம். காய்ந்தபின் படிந்த வெள்ளைத் தூளை உப்புத்தாளால் தேய்த்துக் காற்றில் பறக்க விடக் கூடாது.

இற்றுப்போன கால் நுனியைத் தட்டையாக வெட்டிப் புதுத் துண்டு ஒட்டினால் நிற்காது. சாய்வு வெட்டு வேண்டும், கனத்தைப் போல் ஆறு மடங்கு நீளத்துக்கு: 25 மி.மீ. கனத்துக்கு 150 மி.மீ. சாய்வு. ஒட்டிக் காய்ந்ததும் நாலு மடிப்பின் கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று சமதரையில் நிறுத்திப் பார்த்துத் தேய்க்கலாம். நுனிமரம்தான் தண்ணீரை உறிஞ்சும் வாய். அதற்குத் தண்ணீர் தாங்கும் வார்னிஷ் மூன்று கை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. அண்டி எண்ணெய் (முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய்) பூசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெளிவாசல் மரத்துக்கு அது அருமையான காவல். ஆனால் தோலைப் புண்ணாக்கும், கறை விடும், மேலே எந்தப் பாலிஷும் சரியாக ஏறாது. வீட்டுக்குள் நிற்கும் தட்டிக்கு வேண்டாம். கடைசியாக ஒவ்வொரு காலின் அடியிலும் 3 மி.மீ. கனமுள்ள நைலான் குமிழ் அடித்தால் மரம் ஈரத் தரையைத் தொடாது.

மெருகு

முதலில் இப்போது மேலே இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்து அரை நிமிடம் பிடித்தால், பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு ஏறினால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் எண்ணெய் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன். இது அரக்கு. அரக்கு என்றால் சுரண்டத் தேவையே இல்லை, அதுதான் அதன் பெரிய குணம். புது அரக்கு பழையதைக் கரைத்துக்கொண்டு அதனோடு ஒன்றாகிவிடும். பழைய மரத்தின் மேல் தோலில் வருடக்கணக்கில் ஏறிய நிறத்தை உப்புத்தாளால் எடுத்துவிட்டால் திரும்ப வராது.

வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளி மென்சோப்பு, நன்றாகப் பிழிந்த துணி. செதுக்கின் இடுக்குக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ். கடலோரத் தட்டியில் இந்தத் துடைப்பை அவசரப்படாமல் செய்ய வேண்டும். படிந்திருக்கும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினாலே தண்ணீரை இழுத்துத் தானே கரையும். அதற்கு மேல் பாலிஷ் போட்டால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டினதாகும். வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு முறை துடைத்து, உலர்ந்தபின் டர்பன்டைன் தொட்டுப் பழைய மெழுகை எடுக்கலாம்.

அவலரக்கு (அவல் போன்ற செதிலாக வரும் அரக்கு) 100 கிராம், ஸ்பிரிட் 1 லிட்டர்: இது முதல் கைக்கு. அடுத்தடுத்த கைகளுக்கு 200 கிராம். இரவு ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். பஞ்சை உள்ளே வைத்துச் சுற்றிய பருத்தித் துணிப்பொட்டலத்தால் ஒரே வீச்சாகத் தடவிப் போக வேண்டும், பட்ட இடத்தில் திரும்பப் படக் கூடாது. கரைத்த பாலிஷ் பழசாகிவிட்டால் எத்தனை நாளானாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் தாண்டியதைப் போடாதீர்கள். மழை மூடிய நாளில் அரக்கு போட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுப்பதால் வருவது அது. வெயில் தெளிந்த நாளில் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி நாலு மணிக்குள் முடித்துவிட்டால் இந்தத் தொந்தரவு வராது. பூத்துவிட்டாலும் பயமில்லை, உலர்ந்த நாளில் ஸ்பிரிட் கொஞ்சமாகத் தொட்ட பொட்டலத்தால் ஒருமுறை வருடினால் தெளியும்.

கடைசியில் மெழுகு. ரப்பர்த் தோட்டங்களில் தேன்பெட்டி வைக்கும் மார்த்தாண்டம் பக்கம் நல்ல தேன்மெழுகு கிடைக்கும். 100 கிராம் மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, அடுப்பை முழுக்க அணைத்து, வெளியே எடுத்துவந்து 300 மி.லி. டர்பன்டைன் கலக்க வேண்டும். டர்பன்டைன் தீப்பிடிக்கும், எரியும் அடுப்பின் அருகே இந்த வேலை கூடாது. மெலிதாகப் பூசி, கால்மணி நேரம் கழித்துத் துணியால் தேய்த்தால் செதுக்கின் மேடுகள் மினுங்கும், பள்ளங்கள் அடங்கி நிற்கும். தட்டிக்கு இந்த அடக்கமான மினுக்கம்தான் அழகு.

கீல் திரும்ப ஏறுவது

இரும்பு ஐந்தையும் மாற்றி இனி ஒன்பதும் பித்தளை, 63 மி.மீ. நீளம். மூன்று இணைப்பு, இணைப்புக்கு மூன்று கீல், கீலுக்கு ஆறு திருகாணி: மொத்தம் 54, எண் 6, 19 மி.மீ. நீளம், அவையும் பித்தளை. பித்தளைக் கீலில் இரும்புத் திருகாணி போட்டால் உப்பு ஈரத்தில் பித்தளையோடு சேர்ந்த இரும்பு வேகமாக அரிபடும், முதலில் போவது திருகாணி. பழைய பித்தளையைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வரும். ஆனால் கழற்றி வைத்துத்தான் தேய்க்க வேண்டும், பிறகு உப்பும் புளிப்பும் மிஞ்சாமல் கழுவி, வெயிலில் உலர்த்தி, மெழுகு தடவ வேண்டும். அமோனியா கலந்த பாலிஷ் திரவம் பித்தளையை நாளடைவில் வெடிக்கவைக்கும், கீலுக்கு ஆகாது.

முதல் இணைப்பில் உருளை முன்பக்கம், இரண்டாவதில் பின்பக்கம், மூன்றாவதில் மறுபடி முன்பக்கம். அப்போதுதான் கோணல் கோணலாக மடிந்து ஒரு கட்டாகச் சேரும். மேலிருந்து 20, கீழிருந்து 20 செ.மீ.யில் ஒவ்வொன்று, மூன்றாவது நடுவுக்குச் சற்று மேலே. மூன்று உருளையும் ஒரே நூலில் நிற்கின்றனவா என்பதை நூல் கட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று 1 மி.மீ. விலகினாலும் மடக்கும்போது முனகும், பிறகு திருகாணியைத் தின்னும். கீல்தகடு உட்காரும் பள்ளம் தகட்டின் கனத்துக்குச் சரியாக, 2 மி.மீ. ஆழம். பள்ளம் கூடினால் சட்டங்களின் விளிம்பு ஒன்றோடொன்று இடித்து, தட்டி நேராக விரியாது.

பித்தளைத் திருகாணி மெத்தென்றது, தேக்கில் நேராக முடுக்கினால் கழுத்தில் முறியும். 2.4 மி.மீ. துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, தேன்மெழுகில் தோய்த்த பித்தளையைக் கையால் முடுக்க வேண்டும். டிரில் மெஷினால் முடுக்கக் கூடாது.

இருபக்கமும் மடங்கும் இரட்டைக் கீல் வாங்கிப் போடலாமா என்றால், செதுக்கு இல்லாத மெல்லிய தட்டிக்கு அது வசதி. 25 கிலோ தட்டிக்கு வேண்டாம்; இரண்டு அச்சு என்பதால் ஆட்டம் கூடும். ஜப்பானியக் காகிதத் தட்டிகளில் உலோகக் கீலே கிடையாது. காகிதப் பட்டைகளை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஒட்டியே இருபக்கமும் மடங்கச் செய்தார்கள், அதனால் மடிப்புகளுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் ஒரே ஓவியமாகத் தீட்ட முடிந்தது. அந்த நாட்டு நாரா நகரத்தின் ஷோசோயின் களஞ்சியத்தில் 8ஆம் நூற்றாண்டுத் தட்டிகளே இருக்கின்றன. அந்த வகையோ, கறுப்பு அரக்கின் மேல் வெட்டி வண்ணம் நிரப்பிய பழைய சீனத் தட்டியோ கைக்கு வந்தால் இங்கே சொன்ன எதையும் அதில் செய்யாதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் சோழமண்டலக் கரை வழியாக ஐரோப்பா போனவை பல அந்தச் சீன வகைதான். தண்ணீர்த் துணிகூட அதன் வண்ணத்தை எடுத்துவிடும்.

துணி

திறப்பு 35 செ.மீ. அகலம்; சுருக்கு அழகாக விழ ஒன்றேமுக்கால் மடங்கு துணி வேண்டும். 127 செ.மீ. பன்னா (அகலம்) உள்ள எட்டு முழ வேட்டி இதற்கு அளவெடுத்தது போல் அமையும். நெடுக்காக இரண்டாகக் கிழித்தால் தலா 63 செ.மீ., ஓரம் மடித்துத் தைத்தபின் 61. உயரத்துக்கு 97, கம்பி நுழையும் மடிப்புக்கு மேலும் கீழும் 5, சுருங்குவதற்கு 4, ஆக 111 செ.மீ. நாலு மடிப்புக்கு இரண்டு நீளம், 2.22 மீட்டர். மீதித் துணியில் ஒரு மாற்று ஜோடியும் தைக்கலாம். வெட்டுவதற்கு முன் துவைத்து உலர்த்திவிடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் மட்டும் கரை வரும். அடுத்தடுத்த மடிப்புகளில் கரையும் கரையும் பக்கத்தில் வரும்படி மாட்டினால் இரண்டு இரண்டாகச் சேர்ந்து நிற்கும். பாலராமபுரம் கைத்தறி என்றால் வெளிச்சம் பாலாக வடிந்து வரும், நிழல் தெரியாது.

வீட்டில் பழைய நாகர்கோவில் லேஸ் இருந்தால் அதைப் போட ஆசை வரும். 1819இல் நாகர்கோவில் வந்த மால்ட் தம்பதியரில் மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து வளர்ந்த கைவேலை அது. அதைக் கம்பியில் கோத்து இழுக்கக் கூடாது, இழை அறுந்துவிடும். துவைத்த பருத்தித் துணியின்மேல் தளர்வாகத் தைத்து, எடையை அந்தத் துணி தாங்கும்படி மாட்ட வேண்டும். மேற்கு வெயில் படும் பக்கம் வேண்டாம்.

நிறுத்துவது

இரண்டு மடிப்புக்கு நடுவே உள்ள கோணம் 120 டிகிரி என்றால் இந்தத் தட்டி 156 செ.மீ. அகலத்தை மறைக்கும், அடியில் 22.5 செ.மீ. ஆழம் கிடைக்கும். 90 டிகிரிக்கு மடக்கினால் மறைப்பது 127 செ.மீ., ஆழம் 32. கூடுதலாக மறைக்க வேண்டுமென்று 150 டிகிரிக்கு இழுத்தால் ஆழம் 12 செ.மீ.கூட இல்லை, குழந்தை தொட்டால் சாயும்.

ஆடிக்காற்று வீட்டுக்குள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்தால், முழுக்க அடைத்த தட்டியில் 5 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் விழும். 120 டிகிரியில் நிற்கும் 25 கிலோ தட்டியைக் கவிழ்க்க அது தாராளம். 90 டிகிரியில் மயிரிழையில் தப்பும். பத்மநாபபுரம் அரண்மனையின் சாய்ந்த மரச் சட்ட ஜன்னல்கள் பார்வையை மறைத்துக் காற்றை விடுகின்றன. இந்த ஊர்த் தட்டிக்கும் அந்தக் குணம் வேண்டும், அதனால்தான் மேல்பாதிக்குப் பலகையோ கண்ணாடியோ போடாமல் துணியையே வைத்தது. துணி மெலிதாக இருக்கட்டும், கீழ்க் கம்பியைக் காற்றுக்காலத்தில் கழற்றிவிடலாம். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நேர்க்கோட்டில் நிறுத்தாதீர்கள். வேறு இடமில்லையென்றால் ஓரத்து மடிப்பைச் சுவரில் சிறிய பித்தளைக் கொக்கியால் பிணைத்தால் போதும். கொக்கி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சுவரோடு ஒட்டாமல் 5 செ.மீ. விட்டு நிறுத்தினால் மழைக்காலத்தில் பின்பக்கம் பூசணம் பிடிக்காது.

ஆவணியிலும் மார்கழியிலும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும், 54 திருகாணியையும் கையால் ஒரு சுற்று சோதிக்க வேண்டும். தளர்ந்ததை மட்டும் முடுக்கி, உருளைக்கு ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுங்கள். உபரியாக ஆறு திருகாணியும் ஒரு கீலும், துணியில் சுற்றி ஓரத்து மடிப்பின் பின்பக்கம் நடுச்சட்டத்தில் கட்டி வைத்திருக்கிறது. இந்த அளவுக் கீல் அடுத்த முறை தேடும்போது கடையில் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.